கைரவுட்டர்ப் பிட்டும் சி.என்.சி. பொறியும்

(செஞ்சியில் நடைபெற்ற நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இப்பேரவையின்கண் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் பழந்தமிழ்ப் பொருளொன்றைப் பற்றியே பேசுவேன் எனப் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயினும், சென்ற ஆண்டு என் உறவினர் ஒருவரது பட்டறையில் நிகழ்ந்த ஒரு செய்தி என் நெஞ்சை விட்டு நீங்காமையின், மரத்தொழிலைப் பற்றியே இன்று பேசத் துணிந்தேன். என் தந்தையார் தச்சர், பாட்டனாரும் தச்சர். யான் ஒருவனே மரத்தை விடுத்து மொழியைப் பற்றியவன். தொழில் வல்லீராகிய உங்கள் முன் தொழிலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும் என்பதை அறிவேன். எனினும், யான் விற்க வந்தது ஊசி அன்று. அது குத்திய இடத்தைக் காட்டவே வந்தேன். பொறுத்தருள்க.

யான் எடுத்துக்கொண்ட பொருள் யாதெனின், கையிற் பிடித்து ஓட்டும் ரவுட்டருக்கென வாங்கிய பிட்டைச் சி.என்.சி. பொறியில் மாட்டலாமா என்பதே. பிட்டு என்றவுடன் வந்தியின் பிட்டை நினைத்தல் தமிழாசிரியர் இயல்பு. அப்பிட்டு பல்லால் மெல்லப்படுவது, இப்பிட்டோ தானே பல்லுடையது, மரத்தையும் மெல்லும், பிழைத்தால் மெல்லுவித்தவனையும் மெல்லும்.

இனி, நிகழ்ந்ததைக் கூறுவேன். அப்பட்டறையில் கடன்பட்டு ஒரு சி.என்.சி. பொறி வாங்கினார்கள். அதனை இயக்குபவன் என்னிடம் தமிழ் பயின்ற இளைஞன். ஒருநாள் தேக்குக் கதவொன்றின் நடுப்பலகைக்கு விளிம்பில் சரிவு இறக்க வேண்டியதாயிற்று. அதற்குரிய பிட் பொறிக்கென வாங்கப்படவில்லை. அவன் பாட்டனாரின் கைரவுட்டர்ப் பெட்டியில் 50 மி.மீ. அகலமுள்ள பிட் ஒன்று கிடந்தது. தண்டு பொருந்திற்று, மாட்டினான். பொறி நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடிற்று. சிறிது நேரத்தில் ஓசை மாறிற்று. பிட்டின் பல்லொன்று பற்றுவிட்டுப் பறந்து அவன் புருவத்தைக் கிழித்துச் சென்றது. ஒரு விரற்கிடை தாழ்ந்திருப்பின் கண் போயிருக்கும்.

காணச் சென்ற என்னிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, தாத்தா கையிலே மூணு வருஷம் ஓடின பிட்டுதானே! இதுல மட்டும் ஏன் ஒடையணும்?"

அருகில் அமர்ந்திருந்த அம்முதியவரை நோக்கி, "மாமா, நீங்கள் அதனை எவ்வளவு வேகத்தில் ஓட்டினீர்கள்?" என்றேன். "அளவெல்லாம் தெரியாதப்பா. காதுக்குச் சுகமா ஓடுற மட்டும்தான் திருகுவேன். பெரிய பிட்டுன்னா கொறைச்சுத்தான் வெப்பேன்" என்றார். "அதனைப் பேரனிடம் சொன்னதுண்டா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் கேக்கலை, எனக்கும் அது சொல்லவேண்டிய சேதின்னு தோணலை" என்றார்.

அன்பர்களே! அவ்விளைஞனுடைய கேள்விக்கு விடை அம்முதியவர் சொல்லிலேயே அடங்கியிருந்தது. பிட் ஒன்றேதான், ஆனால் கையில் ஓடியபொழுது அதனோடு ஒரு காதும், ஒரு தோளும், நாற்பதாண்டுப் பழக்கமும் சேர்ந்து ஓடின. பொறியில் மாட்டியபொழுது பிட் மட்டும் வந்தது. ஏனையவை பெட்டியிலேயே தங்கிவிட்டன. யான் இன்று கூற வந்ததன் சாரம் இவ்வளவே.

இப்பொறியின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். எண்களால் ஆளப்படும் துருவற்பொறி முதன்முதலில் 1952ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓட்டிக் காட்டப்பட்டது. அதற்கு வித்திட்டவர் எலிகாப்டர் இறக்கைகளைச் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்பார். அன்று துளையிட்ட நாடாவில் எண்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் அவ்வேலையைக் கணிப்பொறி ஏற்றது. பொறி மாறினும் இயல்பு மாறவில்லை: எண்ணாகச் சொல்லப்பட்டதை அது பிறழாது செய்யும், எண்ணாகச் சொல்லப்படாததை ஒருபொழுதும் உணராது. மரத்தில் முடிச்சு வந்தால் கை தானே தளரும்; பொறி தளராது. புகை நாற்றம் எழுந்தால் மூக்கு அறியும், பொறிக்கு மூக்கில்லை.

நம் ஊருக்கு அணித்தே, விழுப்புரம் செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையை நீங்கள் கண்டிருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தே முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது அது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அதனை ஆக்கியதாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. மரம் விலக்கப்பட்டது என்று கேட்டுத் தச்சர் வருந்த வேண்டுவதில்லை. பின்னர் எழுந்த மாமல்லபுரத்துக் கற்றளிகளைப் பாருங்கள்: திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம், தூண்மேல் அமரும் போதிகை மரத்தொழிலின் உறுப்பு. தச்சனுடைய வடிவறிவு முழுதும் கல்லுக்குச் சென்றது. ஆனால் தச்சனுடைய மரவுளி கல்லுக்குச் சென்றதா? செல்லவில்லை. கல்லுக்குக் கல்லுளி வேறாக வந்தது. புதுநெறி புகும்பொழுது அறிவை எடுத்துச் செல்லவேண்டும். கருவியை ஆராய்ந்தே எடுத்துச் செல்லவேண்டும். நாமோ இன்று தலைகீழாகச் செய்கின்றோம். கருவியை எடுத்து மாட்டிவிட்டு அறிவை விட்டுவிடுகின்றோம்.

அங்ஙனமாயின் கைரவுட்டர்ப் பிட்டைப் பொறியில் இடவே கூடாதா என்று வினவுவீர்கள். இடலாம், பலவற்றை இடலாம். ஆனால் ஆறு செய்திகளை ஆராய்ந்த பின்னரே இடலாம். அவற்றை முறையே கூறுவேன்.

முதலாவது, தண்டும் அதனைப் பற்றும் காலட்டும். நம் கடைகளில் பெட்டியாக விற்கும் பிட்டுகள் பெரும்பாலும் கால் அங்குலத் தண்டுடையன, அஃதாவது 6.35 மி.மீ. பெரியவை அரை அங்குலம், அஃதாவது 12.7 மி.மீ. பொறிக்கென வரும் பிட்டுகளோ பெரும்பாலும் 6 மி.மீ., 8 மி.மீ., 12 மி.மீ. என மெட்ரிக் அளவின. கண்ணுக்கு 6-உம் 6.35-உம் ஒன்றுபோலவே தோன்றும். பொறிகளிற் பெரும்பாலும் உள்ள ஈ.ஆர். வகைக் காலட்டு தன்மேல் குறித்த அளவிலிருந்து சிறிதளவே சுருங்கும், ஒருபொழுதும் விரியாது. 6 எனக் குறித்த காலட்டில் 6.35 தண்டைத் திணித்தால் காலட்டுக் கெடும். 7 எனக் குறித்தது 6 வரை சுருங்குவதாயின் அதில் நிற்கும், 6.35-க்கென்றே செய்த காலட்டாயின் இன்னும் செம்மையாக நிற்கும். கைரவுட்டரின் கால் அங்குலக் காலட்டில் 6 மி.மீ. தண்டை மாட்டி இறுக்குவதோ பெரும்பிழை. ஓட்டத்தில் அது கீழே இறங்கும். மற்றுமொன்று: காலட்டை முதலில் மரையில் பொருத்தி, 'டக்' என்ற ஓசையோடு அமர்ந்த பின்னரே பிட்டை நுழைத்து, அதன் பிறகே சுழல்தண்டில் முறுக்கவேண்டும். காலட்டில் மரத்தூள் ஒட்டியிருந்தால் பிட் நடுப்பிறழ்ந்து சுழலும், நடுப்பிறழ்ந்தது அதிரும், அதிர்வது உடையும்.

இரண்டாவது, சுற்று வேகம். என் மாணாக்கன் புருவத்தைக் கிழித்தது இதுவே. 6 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 24,000 முறை சுற்றும்பொழுது அதன் விளிம்பு நொடிக்கு 7.5 மீட்டர் செல்கின்றது. அதே வேகத்தில் 50 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர் செல்கின்றது. மணிக்கு 226 கிலோமீட்டர்! கைரவுட்டர்ப் பிட்டுகளிற் பெரும்பாலானவை எஃகு உடலில் கார்பைடுப் பல்லைப் பற்றவைத்தவை. சுற்று இருமடங்கானால் அப்பல்லை வெளியே இழுக்கும் விசை நான்மடங்காகும். பொதுவாகக் கொள்ளும் மேல்வரம்பு இது: 25 மி.மீ. வரை அகலமுள்ளதற்கு 24,000, 50 மி.மீ. வரை 18,000, 63 மி.மீ. வரை 16,000, 75 மி.மீ. முதல் 90 மி.மீ. வரை 12,000. பிட்டின்மேல் பொறித்த எண் இதனினும் குறைவாயின் அவ்வெண்ணே ஆணை. வேறொரு நுட்பமும் உண்டு. பொறியின் சுழல்தண்டு மெல்லச் சுற்றும்பொழுது வலியும் குறையும். ஆகலின் பெரிய பிட்டை மெல்ல ஓட்டும்பொழுது ஒரே முறையில் ஆழ இறக்காது, பல முறையாகச் சிறிது சிறிதாக இறக்கவேண்டும்.

மூன்றாவது, நகரும் வேகம். இதில் நம்மவர் செய்யும் பிழை அஞ்சி அஞ்சி மெல்ல ஓட்டுவதாகும். மெல்ல ஓட்டினால் பிட் பிழைக்கும் என்பது மயக்கம். பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்கவேண்டும். இரு பல் உடைய பிட் 18,000 சுற்றில் ஓட, ஒரு பல் 0.1 மி.மீ. எடுக்க வேண்டுமாயின், 18,000-ஐ 2-ஆலும் 0.1-ஆலும் பெருக்க, நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகரவேண்டும். அஞ்சியவன் 600 மி.மீ. என்று வைத்தால் ஒரு பல்லுக்கு 0.017 மி.மீ. கூடக் கிட்டாது. அப்பொழுது பல் வெட்டாது, தேய்க்கும். தேய்ந்தால் சூடேறும், மரம் கருகும், பற்றவைத்த கார்பைடுப் பல் தளரும். சீவல் வந்தால் சூட்டைத் தன்னோடு கொண்டு போகும். மாவுபோல் தூள் வந்தால் சூடு பிட்டிலேயே தங்கும். ஆகலின் பொறியின் கீழ் விழுவது சீவலா தூளா என்று பாருங்கள். அதுவே பொறி நம்மிடம் பேசும் மொழி.

நான்காவது, பிட்டின் நுனியும் உடலும். கைரவுட்டர்ப் பிட்டுகளிற் பல பக்கத்தால் வெட்டுவன. நுனியின் நடுவில் பல்லில்லாதன. அவற்றை நேரே கீழே இறக்கினால் நடுவிலுள்ள எஃகு மரத்தை அழுத்தும், வெட்டாது. கையால் இறக்குபவன் தன்னை அறியாமலே சற்று முன்னும் பின்னும் அசைத்து இறக்குவான். பொறிக்கு அதனைச் சொல்லவேண்டும். சரிவாக இறங்கும் பாதையை மென்பொருளில் அமைக்கவேண்டும். மேலும், நேர்ப்பல் பிட் சீவலை மேலே தூக்காது. ஆழமான காடியில் சீவல் அடைத்துக்கொள்ளும். பொறிக்கென வரும் திருகுபல் பிட்டோ சீவலை மேலே எற்றும். வேண்டின் கீழே அழுத்தும் வகையும், பிளைவுட்டின் இருமுகமும் சிதறாமல் காக்க இரண்டும் கலந்த வகையும் உண்டு. நாள் முழுதும் காடி வெட்டும் பட்டறையார் திருகுபல் பிட்டுக்குச் செலவிடுதல் செலவன்று, சேமிப்பு.

ஐந்தாவது, பேரிங். விளிம்பில் உருட்டு வடிவம் எடுக்கும் பிட்டுகளின் நுனியில் சிறு பேரிங் இருக்கும். கையில் ஓட்டுபவனுக்கு அதுவே வழிகாட்டி. மர விளிம்பைத் தொட்டு உருண்டு பிட்டை வரம்பில் நிறுத்தும். பொறிக்கோ வழிகாட்டி எண். இரண்டும் ஒன்றாக இருப்பின் ஓர் உறையில் இரு கத்தி செருகியது போலாம். மரம் அரை மில்லிமீட்டர் பிறழ்ந்திருந்தால் எண் உள்ளே செல் என்னும். பேரிங் செல்லேன் என்னும். இடையில் பிட்டின் தண்டு வளையும். அன்றி மர விளிம்பு நசுங்கும். ஆகலின், பேரிங் மரத்தைச் சிறிதும் அழுத்தாதவாறு பாதையை ஒரு மயிரிழை விலக்கி அமைக்கவேண்டும். பேரிங் உள்ள பிட்டைப் பலகையின் நடுவில் இறக்குவது ஒருபொழுதும் ஆகாது. பேரிங்கைக் கழற்றிவிட்டாலும் அதன் காம்பு நுனியில் நிற்கும்; அதற்குப் பல்லில்லை. பலகைக்குக் கீழே பேரிங் செல்ல இடமுண்டா என்பதையும் முன்னரே பாருங்கள். இல்லையேல் பொறியின் மேசையில் முட்டும்.

ஆறாவது, மெய்யளவு. கைத்தொழிலில் 12 மி.மீ. பிட் பலமுறை தீட்டப்பட்டு 11.7 ஆகியிருக்கும், கை அதனைப் பொருட்படுத்தாது, பொருந்துமாறு இன்னொரு முறை சீவிக்கொள்ளும். பொறியோ 12 என்றே நம்பும். வெட்டிய துளை 0.3 மி.மீ. குறுகும், அதனுள் புகவேண்டிய கழுத்து 0.3 மி.மீ. தடிக்கும், இரண்டும் சேர்ந்து 0.6 மி.மீ. பிணங்கும். மாட்டுமுன் வெர்னியர் கொண்டு அளந்து அளந்த எண்ணையே கொடுங்கள்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. என் வீட்டுப் பெயர்ப்பலகைக்கு யானே எழுத்து வரைந்து கொடுத்தேன்; 'அன்னை இல்லம்' என்பது பெயர். கூர்நுனிப் பிட்டால் செதுக்கினார்கள். கணிப்பொறியில் 90 பாகை என்று கொடுத்திருந்தது. மாட்டியதோ பழைய பெட்டியிலிருந்த 60 பாகைப் பிட். 12 மி.மீ. அகலக் கோடு வேண்டுமாயின் 90 பாகைப் பிட் 6 மி.மீ. இறங்கினாற் போதும், 60 பாகைப் பிட் 10.4 மி.மீ. இறங்கவேண்டும். அது 6 மி.மீ. மட்டுமே இறங்கியமையால் கோடு 7 மி.மீ. ஆயிற்று. கோடுகள் மெலிந்தன, புள்ளிகளோ ஊசிக்குத்தாய்ச் சுருங்கி, வண்ணம் பூசியபொழுது மறைந்தே போயின. தமிழாசிரியன் வீட்டு வாயிலில் 'அனனை இலலம' என்று பலகை நின்றது! மெய்யெழுத்துப் பிழைக்காக யான் பிள்ளைகளிடம் மதிப்பெண் குறைத்த பாவமெல்லாம் ஒருநாளில் என்னை வந்தடைந்தது. பலகை பிழைத்தால் வேறு பலகை உண்டு. ஆனால் முன்னர்க் கூறிய பிட்டில் எண் பிழைத்தால் கண் பிழையாது.

இவ்வாறும் ஆராய்ந்தால் விடை தெளிவாகும். சிறிய நேர்ப்பல் பிட், எழுத்துச் செதுக்கும் கூர்நுனிப் பிட், விளிம்பு உருட்டும் சிறு பிட் ஆகிய இவற்றைத் தக்க காலட்டும் வேகமும் பாதையும் அமைத்துப் பொறியில் இடலாம். அகன்ற பிட், மழுங்கிய பிட், மேல்வரம்பு எண் அழிந்த பிட் ஆகியவற்றை இடாதொழிக. மறுதலையும் கூறுவேன்: பொறிக்கென்றே செய்த பிட்டைக் கையில் ஓட்டாதீர்கள். ஐரோப்பியத் தரநெறி 847-1 என்பது கையால் செலுத்துவதற்குரிய பிட்டில் 'எம்.ஏ.என்.' என்றும், பொறியால் மட்டும் செலுத்துவதற்குரியதில் 'எம்.இ.சி.' என்றும் பொறிக்கச் சொல்கின்றது. இரண்டாவது குறியுடையதைக் கைரவுட்டரில் மாட்டுதல் தன் கையையே பணயம் வைப்பதாகும். எந்தப் பிட்டை ஓட்டினும் கண்ணாடி அணிக. அதற்கும் கௌரவத்துக்கும் யாதொரு பகையும் இல்லை.

பெரியோர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறி வந்ததனால் நம் அறிவு வேண்டாததாயிற்று என்று மனம் சோர்ந்து மூலையில் அமராதீர்கள். தேக்குக்கும் வேம்புக்கும் வேகம் வேறென்பதும், நாரோட்டத்துக்கு எதிரே சென்றால் விளிம்பு பிய்யும் என்பதும், வைரம் பாய்ந்த இடத்தில் கை தளரவேண்டும் என்பதும் உங்கள் காதிலும் தோளிலும் அல்லவோ இருக்கின்றன! கேளாவிடினும் சொல்லுங்கள். இளைஞர்களே! உங்களுக்கும் ஒன்று. பாட்டனார் எண் தெரியாதவர் என்று எண்ணாதீர்கள். எண்ணை எழுதாதவர், அவ்வளவே. அவர் திருகிய இடத்தில் ரவுட்டரின் எண் யாது என்று பார்த்து நீங்கள் எழுதுங்கள்.

ஒவ்வொரு பட்டறையிலும் பொறியின் அருகே ஒரு குறிப்பேடு தொங்குக. பிட்டின் அகலம், தண்டு, பல் எத்தனை, மேல்வரம்புச் சுற்று, எந்த மரத்தில் எவ்வேகம், ஒருமுறைக்கு எவ்வளவு ஆழம் என்ற ஆறும் அதில் எழுதப்படுக. இரண்டு ரூபாய்ப் பேனாவால் ஆகும் காரியம் இது. என் உறவினர் பட்டறையில் அவ்வேடு தொடங்கப்பட்டுவிட்டது. சென்ற திங்கள் அங்குச் சென்றிருந்தேன். புருவத்தில் தழும்போடு பேரன் பிட்டை அளந்து எழுத, பாட்டனார் கைரவுட்டரை ஓட்டிக் காதைச் சாய்த்து, "இது மட்டும் போதும், நிறுத்து" என்றார். பேரன் குனிந்து திருகின் எண்ணைப் பார்த்து ஏட்டிற் குறித்துக்கொண்டான். பாட்டனார் எட்டிப் பார்த்து, "என்ன எழுதினே, படி" என்றார்.

அந்த ஏடு நம் எல்லாப் பட்டறைகளிலும் தொங்கவேண்டும் என்பதே என் விருப்பம்.